மும்பைக்கு முதன்முறையாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மும்பையில் சயான் பகுதியில் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நாள் நெருங்கினால் எங்கள் வீட்டுக் கைப்பேசி ஓயாது. பெரியப்பா மகன், மனைவியின் தோழி, அவருடைய நாத்தனார் என்று கேட்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. சின்ன வயதிலிருந்து "பம்பாய், பம்பாய்" என்று கேட்டே வளர்ந்து, ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்து கிளம்புகிறவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும் அண்ணே?

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். அப்போது பகலில் நடந்து சுற்றலாம். அதிகாலையில் லேசான குளிர்கூட இருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் வருகிறவர்களே அதிகம். வெயிலின் அளவு நம் ஊரைவிடக் குறைவுதான். ஆனால் கடற்காற்றின் புழுக்கத்தில் சட்டை காலை பத்து மணிக்கே நனைந்துவிடும். மே மாதத்தை விட்டால் வழியில்லை என்றால், வெளியில் சுற்றுவதைக் காலை பத்துக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக் காலத்தில் வரவே கூடாதா? மழையில் மும்பை அழகு என்கிறார்களே?

அழகுதான், மறுக்கவில்லை. ஜூன் இரண்டாவது வாரத்தில் தொடங்கும் மழை செப்டம்பர் இறுதி வரை, சில ஆண்டுகளில் அக்டோபர் தொடக்கம் வரை நீடிக்கும். நம் பக்கத்து மழையைப் போல ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடாது. நாள் கணக்கில் விடாமல் பெய்யும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவானது. அன்று அலுவலகத்திலிருந்து நடந்தே வீடு திரும்பியவர்களின் கதை இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

கனமழையும் கடலின் பேரேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்க இடமில்லாமல் தெருவில் தேங்கி நிற்கும். தாழ்வான பகுதிகளில் தண்டவாளம் மூழ்கி ரயில்களும் நின்றுவிடும். நான்கே நாள் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் அதில் இரண்டு நாளை விடுதி அறையிலேயே கழிக்க நேரலாம். ஆகவே முதல் வருகைக்கு மழைக்காலம் வேண்டாம் என்பது என் கருத்து.

நாலு நாள் போதுமா?

போதும், பட்டியலைச் சுருக்கிக்கொண்டால். ஒரு நாளில் பத்து இடம் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அந்த நாளின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே செலவிடுகிறார்கள். ஏன் என்று அறிய இந்த ஊரின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மும்பை வட்டமான ஊர் அன்று. தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒரு முனை. மூன்று பக்கம் நீர். கொலாபா, மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று தனித்தனியாகக் கிடந்த ஏழு தீவுகளுக்கு இடையிலிருந்த கழிகளைத் தூர்த்து உருவாக்கிய நிலம்தான் பழைய நகரம். அதற்கு வடக்கே புறநகர்கள் வால்போல நீண்டுகொண்டே போகின்றன. சர்ச்கேட்டிலிருந்து போரிவலி மட்டுமே 34 கிலோமீட்டர். அதே பாதையில் விரார் வரை போனால் 60.

எனவே நாளை இடங்களின் எண்ணிக்கையால் பிரிக்காமல் திசையால் பிரியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தெற்கு: கேட்வே ஆஃப் இந்தியா, கோட்டைப் பகுதி, அருங்காட்சியகம், மெரின் டிரைவ். ஒரு நாள் எலிஃபண்டா தீவுக் குகை. ஒரு நாள் நடுப்பகுதி: ஹாஜி அலி, மகாலட்சுமி, சித்திவிநாயகர், மாட்டுங்கா. ஒரு நாள் வடக்கு: போரிவலிக் காடும் (சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா) அதனுள் இருக்கும் கன்ஹேரிக் குகைகளும். காலையில் கன்ஹேரி, மதியம் கேட்வே, மாலை ஜூஹு என்று தாவுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ரயிலில் வருவதா, விமானத்திலா?

முதல்முறை என்றால், வருவது ரயிலிலும் திரும்புவது விமானத்திலுமாக இருக்கட்டும். சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒன்றரை நாளுக்கு மேல். சென்னை வண்டி ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர், புனே வழியாக வருகிறது. லோனாவாலா தாண்டியதும் போர்காட் மலைப்பாதையில் சுரங்கம் சுரங்கமாக இறங்கிக் கர்ஜத் வந்து சேரும் அந்த இறக்கத்தைக் காண்பதற்காகவாவது விழித்திருங்கள். 1863இல் திறக்கப்பட்ட பாதை அது. கர்ஜத் நடைமேடையில் வடா பாவ் விற்பவர் சன்னலோரம் வந்து நின்றால், ஊர் நெருங்கிவிட்டது என்று பொருள்.

முன்பதிவை நினைவில் வையுங்கள். 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்பிலிருந்துதான் பதிவு செய்ய முடியும். பழைய 120 நாள் கணக்கில் இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விமானத்தில் வருகிறவர்கள் பயணச்சீட்டை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு இந்த ஊருக்கு விமான நிலையங்கள் இரண்டு. பழைய நிலையத்திலேயே முனையங்களும் இரண்டு. தவறான இடத்துக்குக் காரைப் பிடித்துவிட்டால் விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.

எந்த ஸ்டேஷனில் இறங்கணும்? டிக்கெட்டில் ஒன்று இருக்கிறது, கூகுள் வேறொன்று சொல்கிறது.

தமிழ்நாட்டு வண்டிகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் முடியும்: சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், தாதர், லோகமான்ய திலக் முனையம். முதலாவதை இந்த ஊரில் சி.எஸ்.எம்.டி. என்றும், பழைய ஆட்கள் இன்றைக்கும் வி.டி. என்றும் சொல்வார்கள். மூன்றாவதுதான் குழப்பம். அது குர்லாவில் இருக்கிறது. ஆனால் குர்லா உள்ளூர் ரயில் நிலையமும் அதுவும் ஒன்றல்ல. பெட்டியை இழுத்துக்கொண்டு குர்லா நிலையத்தைத் தேடாதீர்கள். துறைமுகப் பாதையில் உள்ள திலக் நகர் நிலையம் நடக்கும் தொலைவிலேயே இருக்கிறது. பெட்டி படுக்கையோடு வந்தால் அதுவும் வேண்டாம், டாக்சியோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளுங்கள்.

வண்டி முடிகிற இடம்வரை போயே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கல்யாண், தாணே போன்ற இடங்களில் நிற்கும் வண்டியாக இருந்து, உறவினர் வீடு டோம்பிவிலியிலோ முலுண்டிலோ இருந்தால், அங்கேயே இறங்கிவிடுவது மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தங்குவதற்கு எந்த ஏரியா நல்லது? வாஷியில் அறை ரொம்ப மலிவாக இருக்கிறதே?

வாஷியில் மலிவுதான், அந்த மிச்சத்தை நேரமாகத் திருப்பிக் கொடுப்பீர்கள். அது கழிக்கு அப்பால் நவி மும்பையில் இருக்கிறது. தினமும் தெற்கே போய்த் திரும்பவே இரண்டரை மணி நேரம் போய்விடும். பணம் தடையில்லை என்றால் கொலாபா அல்லது கோட்டைப் பகுதி. நடுத்தரச் செலவுக்கு தாதர், மாட்டுங்கா, சயான். இதை நான் சயானில் இருப்பதற்காகச் சொல்லவில்லை: தாதரில் மேற்கு, மத்திய ரயில் பாதைகள் இரண்டும் சந்திக்கின்றன, அந்த இரண்டு பாதைகளிலும் மாறாமல் போகலாம். இரவு பசித்தால் நம் இட்லியும் கிடைக்கும்.

விமான நிலையத்துக்குப் பக்கம் என்று அந்தேரியில் அறை எடுக்கிறவர்கள், கடைசி இரவுக்கு மட்டும் அங்கே எடுத்தால் போதும்.

லோக்கல் ரயிலில் ஏறவே பயமாக இருக்கிறது. ஏறாமல் சமாளிக்க முடியாதா?

முடியும். ஆனால் அந்த ரயிலில் ஏறாமல் திரும்புவது குற்றாலத்துக்குப் போய் அருவியைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருவது போன்றது. பயம் நியாயமானதே, அந்தப் பயம் நேரத்தைப் பொறுத்தது என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை கூட்டம் தெற்கு நோக்கிப் போகும். மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வடக்கு நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் அந்தத் திசையில் ஏறாதீர்கள். அதே காலை ஒன்பது மணிக்கு எதிர்த்திசையில் போகும் வண்டியில் உட்காரவே இடம் கிடைக்கலாம். போரிவலிக் காட்டைக் காலையிலும், தெற்குப் பகுதியைப் பதினொரு மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பாதைகள் முக்கியமாக மூன்று. மேற்குப் பாதை சர்ச்கேட்டிலிருந்து விரார் வழியாக வடக்கே போகிறது. மத்தியப் பாதை சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தாணே, கல்யாண் பக்கம். துறைமுகப் பாதை அதே சி.எஸ்.எம்.டி.யிலிருந்து பன்வேல் பக்கமும் கோரேகாவ் பக்கமும். நடைமேடைப் பலகையில் வண்டி போய்ச்சேரும் ஊரும், பக்கத்தில் 'எஃப்' அல்லது 'எஸ்' என்ற எழுத்தும் இருக்கும். 'எஃப்' விரைவு வண்டி, எல்லா இடத்திலும் நிற்காது. 'எஸ்' எல்லா நிலையத்திலும் நிற்கும். புதியவர்களுக்கு 'எஸ்'தான் பாதுகாப்பு.

என் முதல் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தேரிக்குப் போக, மாலை ஆறே முக்காலுக்கு தாதரில் விரார் விரைவு வண்டியில் ஏறினேன். அந்தேரி வந்தது, வாசலுக்கும் எனக்கும் நடுவே நாற்பது பேர் நின்றார்கள். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, அந்தேரிக்காரனுக்கு இந்த வண்டியில் என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். போரிவலியில்தான் இறங்கினேன், இறங்கினேன் என்பதைவிட இறக்கப்பட்டேன் என்பது சரி. தொலைவு போகிறவர்களின் வண்டியில் அருகே இறங்குகிறவர் ஏறுவது இங்கே எழுதப்படாத தவறு. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிலையம் முன்பே வாசல் பக்கம் நகர்ந்துகொண்டு, முன்னால் நிற்பவரிடம் "உதர்னா ஹை?" (இறங்க வேண்டுமா?) என்று கேளுங்கள். அவரும் இறங்குகிறவர் என்றால் தலையாட்டுவார். இல்லையென்றால் இடம் மாறிக்கொள்வார். இந்த ஊரின் மிகப் பயனுள்ள இரண்டு சொற்கள் அவை.

டிக்கெட் எப்படி வாங்குவது? ஏசி லோக்கலில் அதே டிக்கெட் செல்லுமா?

செல்லாது. குளிர்சாதன வண்டிக்குத் தனிச் சீட்டு வேண்டும். சாதாரணச் சீட்டோடு அதில் ஏறி அபராதம் கட்டிய உறவினர் எனக்கு மூன்று பேர். சாதாரண வண்டியில் இரண்டாம் வகுப்புக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அதே வண்டியில் முதல் வகுப்புப் பெட்டியும் இருக்கும். இருக்கையைத் தவிரப் பெரிய வேறுபாடு எதுவும் தெரியாது, கட்டணம் மட்டும் பல மடங்கு. எனவே ஏறும் முன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். ரயில்வேயின் செயலியிலோ, நிலையத்திலுள்ள தானியங்கி இயந்திரத்திலோ சீட்டு எடுத்தால் வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று சுற்றுலாப் பயணிகளுக்கான சீட்டும் சாளரத்தில் கேட்டால் தருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காதே, அன்றைக்கு ரயிலில் சுற்றலாமா?

கூட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் 'மெகா பிளாக்' என்ற சொல்லை அறிந்துகொள்ளுங்கள். பராமரிப்பு வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் நேரத்தில் ஏதாவது ஒரு பகுதியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அல்லது வேறு தடத்தில் திருப்பிவிடுவார்கள். எந்தப் பகுதி என்பது சனிக்கிழமையே செய்தியில் வந்துவிடும். அதைப் பார்க்காமல் ஞாயிறு மதியம் நடைமேடையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான்.

பெண்கள் மட்டும் மூன்று பேர் வருகிறோம். பாதுகாப்பாக இருக்குமா அண்ணா?

நான் பார்த்த பெரு நகரங்களில் பெண்கள் இரவு பத்து மணிக்கு இயல்பாகத் தனியே வீடு திரும்பும் நகரம் இது. என் மகளும் அப்படித்தான் திரும்புகிறாள். ஒவ்வொரு வண்டியிலும் மகளிர் பெட்டிகள் உண்டு. பெட்டியின் வெளிப்புறத்தில் பெண்ணின் படம் வரைந்திருக்கும். இரவு நேரங்களில் அதில் காவலர் ஒருவர் நிற்பது வழக்கம். நள்ளிரவுக்குப் பின் ஆள் நடமாட்டமில்லாத நிலையங்களைத் தவிர்ப்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

கணவன் மனைவியாக வருகிறவர்களுக்கு ஒன்று: மனைவி மகளிர் பெட்டியிலும் கணவர் பொதுப் பெட்டியிலும் ஏறினால், எந்த நிலையத்தில் இறங்குவது, இறங்கியதும் எந்தப் படிக்கட்டின் அடியில் நிற்பது என்பதை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கைப்பேசியை எடுத்துப் பேசுவதற்குக்கூட அந்தக் கூட்டத்தில் கை விடுபடாது.

ஆட்டோக்காரர்கள் ஏமாற்றுவார்களா? கேட்வேயில் ஆட்டோ கிடைக்காது என்கிறார்களே?

கிடைக்காது. மேற்கே மாஹிமுக்கும் கிழக்கே சயானுக்கும் தெற்கில் ஆட்டோ ஓட அனுமதி இல்லை. அங்கே கறுப்பு மஞ்சள் டாக்சிதான். பாந்திராவிலிருந்தும் குர்லாவிலிருந்தும் வடக்கே ஆட்டோ தாராளம்.

நம் ஊர்க்காரர்கள் மிகவும் வியப்பது இதில்தான்: இங்கே மீட்டர் போடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. 2025 பிப்ரவரி முதல் ஆட்டோவில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 26 ரூபாய், டாக்சியில் 31 ரூபாய். நள்ளிரவிலிருந்து காலை ஐந்து வரை கால் பங்கு கூடுதல். மீட்டரில் 43 காட்டினால் 43 கொடுத்துவிட்டு இறங்கலாம். ரயில் முனைய வாசலில் "எங்கே சார்?" என்று பெட்டியைப் பிடுங்குகிறவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களைத் தாண்டிச் சாலைக்கு நடந்து வந்து ஓடும் வண்டியை நிறுத்துங்கள்.

மெட்ரோ இருக்கும்போது எதற்கு இந்த லோக்கல் ரயில்?

நல்ல கேள்வி, ஐந்தாண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். 2025 அக்டோபரில் ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர் நிலத்தடி மெட்ரோ முழுமையாகத் திறந்துவிட்டது. விமான நிலையத்தின் இரு முனையங்கள், தாதர், சித்திவிநாயகர் கோயில், சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் எல்லாமே அதன் வழியில். கூட்டமும் புழுக்கமும் வேண்டாதவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடி என்பதால் சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஊரைப் பார்க்க வந்தவர் ஒருமுறையாவது மேலே ஓடும் வண்டியில் வரவேண்டும்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

படிக்கட்டுகள். மின்தூக்கியும் நகரும் படியும் பல நிலையங்களில் வந்துவிட்டன, ஆனால் எல்லா நடைமேடையிலும் இல்லை. எனவே அவர்களுக்கு மெட்ரோவும் டாக்சியும் போதும். லோக்கல் ரயிலை ஆசைக்கு ஒருமுறை, மதியம் ஒரு மணிக்கு, சர்ச்கேட்டில் வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறி உட்கார வைத்துக் காட்டுங்கள். கழிப்பறை இன்னொரு சிக்கல். அருங்காட்சியகம், உணவகம், வணிக வளாகம் என்று எங்கே நல்ல வசதி இருக்கிறதோ அங்கே தேவை இல்லாவிட்டாலும் போய்வரச் சொல்லுங்கள்.

இந்தி ஒரு வார்த்தை கூடத் தெரியாது.

சமாளிக்கலாம். இந்த ஊர் இந்தி யாருடைய சொந்த இந்தியும் அன்று. குஜராத்தி, மராத்தி, உருது, தமிழ் எல்லாம் தட்டித் தட்டி ஒடுக்கிய பாத்திரம். இலக்கணப் பிழைக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். "கித்னா?" (எவ்வளவு?), "கிதர்?" (எங்கே?), "பஸ்" (போதும்) மூன்றும், மேலே சொன்ன "உதர்னா ஹை?"யும் இருந்தால் நான்கு நாள் ஓடிவிடும். கூடவே இரண்டு மராத்திச் சொற்களைக் கற்றுக்கொண்டு வாருங்கள்: வயது கூடியவரை "காக்கா" என்றும், பெண்களை "தாயி" என்றும் அழையுங்கள். முதலாவது சித்தப்பா, இரண்டாவது அக்கா. நம் காதுக்கு வேறு மாதிரி கேட்டாலும் தயங்க வேண்டாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழிலேயே வழி கேட்கலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சோறு இல்லாமல் அப்பாவால் முடியாது.

மாட்டுங்கா கிழக்கு. மத்தியப் பாதையில் மாட்டுங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வாழை இலைச் சாப்பாடு போடும் பழைய உடுப்பி உணவகம் இருக்கிறது. இன்னும் சற்று நடந்தால் நல்ல காப்பியும், மல்லிகைச் சரமும், வாழைப்பூவும்கூடக் கிடைக்கும். அந்த நிலையத்தையும் கவனியுங்கள்: 2017 முதல் பெண் ஊழியர்கள் மட்டுமே நடத்தும் நிலையம் அது.

ஆனால் நான்கு நாளும் சாம்பார் தேடாதீர்கள். வடா பாவைத் தெருவோரத்தில், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில், பூண்டுப் பொடி தூவச் சொல்லித் தின்னுங்கள். இரானிக் கடை ஒன்றில் பளிங்கு மேசையில் உட்கார்ந்து பன் மஸ்காவை, அதாவது வெண்ணெய் தடவிய பன்னை, தேநீரில் நனைத்துப் பாருங்கள். தோபி தலாவ் பக்கத்தில் 1904 முதல் நடக்கும் கயானி கடை அவற்றில் ஒன்று. தெருவில் தேநீர் கேட்கும்போது "கட்டிங்" என்று கேட்டால் அரைக் குவளை தருவார்கள்.

எலிஃபண்டா போகலாமா, வேண்டாமா? சிலர் நேர விரயம் என்கிறார்கள்.

திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. மற்ற நாளில் கட்டாயம் போங்கள். கேட்வேயிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு நூற்றுக்கு மேற்பட்ட படிகள். நேர விரயம் என்றவர்கள் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் படி ஏறிக் களைத்து, வாசலில் படம் எடுத்துக்கொண்டு இறங்கியவர்களாக இருப்பார்கள். காலை முதல் படகைப் பிடியுங்கள். குகைக்குள் தென்சுவரில் இருக்கும் மூன்று முகச் சிவன் சுமார் பதினெட்டு அடி உயரம். முதலில் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அவசரப்படாமல் தூணோரமாக நின்றால், நடுமுகம் மெல்லத் துலங்கி வரும். நம் கோயில்களில் கருவறைமுன் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போரிவலிக் காடும் கன்ஹேரியும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆகவே திங்களைத் தெற்கு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர்கள் வீட்டைப் பார்க்க முடியுமா?

வாசல் கதவைப் பார்க்க முடியும். பாந்திரா பாண்ட்ஸ்டாண்டில் அதற்கென்றே ஒரு கூட்டம் நிற்கும். பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் மாலையில் போங்கள். அந்தக் கதவு ஏமாற்றினாலும் எதிரே கடல் இருக்கிறது.

தாராவியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. போனால் தவறா?

யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தாராவியில் உங்களுக்கு உறவினரோ ஊர்க்காரரோ இருந்தால், அவர் வீட்டுக்கு விருந்தினராகப் போங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து நூறாண்டுக்கு மேலாக வேர்விட்ட குடும்பங்கள் அங்கே உண்டு. தொண்ணூறு அடிச் சாலையில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடாவில் வாசலிலேயே சூளை எரியும். தோல் பைகளை நேரே வாங்கலாம்.

ஏழ்மையைப் படம் எடுப்பதற்காகப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் நடக்கும் இடம் அது. அங்கே எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அடுப்படிக்குள் யாரோ கேமராவோடு நுழைந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மறுசீரமைப்புத் திட்டம் நடந்துகொண்டிருப்பதால், இப்போது பார்க்கிற தெரு அடுத்த முறை இருக்குமா என்று அங்கே வாழ்கிறவர்களுக்கே தெரியாது. அந்தக் கவலையோடு இருக்கிறவர்களிடம் கனிவாகப் பேசுங்கள்.

பம்பாய் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்களா?

அரசு முறையில் 1995 முதல் மும்பை. மும்பாதேவியின் பெயரால் வந்தது என்பதால் மராத்தி பேசுகிறவர்களுக்கு அது எப்போதுமே மும்பைதான். அதை மதித்து வெளியில் மும்பை என்றே சொல்லுங்கள். வீட்டுக்குள் என் அத்தை இன்னும் "பம்பாய்" என்கிறாள். அவளைத் திருத்த எனக்கு மனமில்லை.

வந்து இறங்கியதும் ஏமாற்றமாக இருந்தது. நாங்கள் நினைத்த மும்பை எங்கே?

இதைத் தொலைபேசியில் அழாத குறையாகக் கேட்டவர்கள் உண்டு. கல்யாணிலிருந்து குர்லா வரை தண்டவாளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால், நீலத் தார்ப்பாயும் சாக்கடையும் துணி காயும் கம்பிகளும்தான் கண்ணில் படும். மனதிலிருந்த ஊர் வேறு. இரண்டும் இதே ஊர்தான், நீங்கள் பின்கட்டு வழியாக நுழைந்திருக்கிறீர்கள்.

ஆகவே முதல் நாள் எவ்வளவு களைப்பாக இருந்தாலும், குளித்து உடை மாற்றிக்கொண்டு, மாலை ஐந்தரைக்கு மெரின் டிரைவ் போய்விடுங்கள். சர்ச்கேட் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவு. ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் வளைந்து கிடக்கும் அந்தச் சுவரில் கடலைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் வளைந்த பால்கனிக் கட்டடங்களுக்கு 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கடலை விற்பவர், பாடம் படிக்கும் மாணவி, பேசாமல் உட்கார்ந்திருக்கும் கிழவர் என்று யாரும் யாரையும் எழுப்பமாட்டார்கள். விளக்குகள் எரியும்வரை இருங்கள். இருட்டியபின் டாக்சியில் சி.எஸ்.எம்.டி.க்கு வாருங்கள், 1888இல் கட்டி முடித்த அந்த நிலையத்தை எதிர்ப்புறச் சாலையில் நின்று வண்ண ஒளியில் பாருங்கள். ஏமாற்றம் என்று அதற்குப் பிறகும் என்னிடம் சொன்னவர் இதுவரை இல்லை.

தாத்தா அந்தக் காலத்தில் பம்பாயில் வேலை பார்த்தார். அவர் இருந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

முன்பெல்லாம் அரிதாக வந்த இந்தக் கேள்வி இப்போது ஆண்டுக்கு நான்கைந்து முறை வருகிறது. வீடு கிடைப்பது கடினம். பழைய சால்கள், அதாவது ஒற்றை அறைகளாக வரிசையில் அடுக்கிய குடியிருப்புகள், பல இடங்களில் இடிக்கப்பட்டு மாடிக் கட்டடங்கள் ஆகிவிட்டன. பெயர்களும் மாறிவிட்டன. வி.டி. பற்றி மேலே சொன்னேன். எல்பின்ஸ்டன் ரோடு நிலையம் 2018 முதல் பிரபாதேவி. சயான் கோலிவாடா நிலையத்தைக் குரு தேக்பகதூர் நகர் என்றுதான் இப்போது கேட்க வேண்டும்.

ஆனால் இடத்தை நெருங்கிவிடலாம். வீட்டுப் பரணில் அவர் எழுதிய பழைய கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியின் கடைசியில் "பம்பாய் 22", "பம்பாய் 19" என்று ஓர் எண் இருக்கும். 1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது அந்தப் பழைய எண்ணே புதிய எண்ணின் வாலாகிவிட்டது: 19 என்றால் 400019, அது மாட்டுங்கா, 22 என்றால் 400022, சயான், 17 என்றால் தாராவி, 71 என்றால் செம்பூர். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அப்பகுதியின் பழைய கோயிலிலோ இஸ்திரிக் கடையிலோ சாலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் பெரியவர்கள் திண்ணையில் இருப்பார்கள். கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டு வராமல் உறையோடு கையில் கொண்டு வாருங்கள். கையெழுத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் பேசத் தொடங்குவார்கள்.